இரைச்சலுக்கு ஒரு செவி

இரைச்சல் என்னும் சொல்லைத் தமிழில் நாம் பாராட்டாகச் சொல்வதில்லை. கடலுக்கும் அருவிக்கும் மட்டும் விதிவிலக்கு உண்டு. அவற்றின் இரைச்சலைக் கேட்பதற்கென்றே செலவு செய்து பயணம் போகிறோம். சந்தை இரைச்சலுக்கும் தேர்தல் காலத்துத் தெருமுனை இரைச்சலுக்கும் சன்னலைச் சாத்திக்கொள்கிறோம். இசை என்றால் இசைந்து வருவது; இரைச்சல் என்றால் இசையாதது. மொழியே இப்படிக் கோடு கிழித்து வைத்திருக்கிறது. அந்தக் கோட்டைத் தெரிந்தே தாண்டி, இரைச்சலையே தன் பெயராகச் சூட்டிக்கொண்ட ஓர் இசைவகை அமெரிக்காவில் பிறந்து உலகெங்கும் பரவியுள்ளது. 'நாய்ஸ் ராக்' என்று அதனைச் சொல்கிறார்கள். இரைச்சல் ராக் என்று நாம் தமிழாக்கிக்கொள்ளலாம்.

கடந்த ஓராண்டாக, இரவுச் செபம் முடிந்த பிறகு, அருளகத்து அறையில் அமர்ந்து இந்த இசையைக் கேட்டு வருகிறேன். ஐம்பதைக் கடந்த பங்குத்தந்தை ஒருவருக்கு இது எதற்கு என்று வாசகர்கள் எண்ணக்கூடும். காரணம் உண்டு, அதனைப் பின்னர் சொல்கிறேன். முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்த பழக்கம் அது: எந்தக் கோட்பாட்டையும் ஏற்பதற்கும் மறுப்பதற்கும் முன், அது பிறந்த வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும்.

பிறந்த வீடு என்று ஒன்றைத்தான் காட்ட வேண்டுமானால் இத்தாலியைக் காட்டலாம். 1913ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் லூயிஜி ருஸ்ஸோலோ என்னும் ஓவியர் 'இரைச்சல்களின் கலை' என்ற அறிக்கையை எழுதினார். அவருடைய தந்தை ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மகனோ ஆர்கனும் வயலினும் போதாது என்றார். இயந்திரங்கள் பெருகிவிட்ட நகரத்து மனிதனின் செவிக்குப் பழைய இசைக்கருவிகளின் இனிமை சலித்துவிட்டது. டிராம் வண்டியின் உறுமலையும் ஆலையின் முழக்கத்தையும் இசையாக்க வேண்டும் என்பது அவர் வாதம். சொன்னதோடு நிற்கவில்லை. மரப்பெட்டிக்குள் தோலும் தந்தியும் சக்கரமும் பொருத்தி, வெளியே ஒரு பெரிய கூம்பை வைத்து, கைப்பிடியைச் சுழற்றினால் ஊளையிடும், உறுமும், வெடிக்கும் கருவிகளை உருவாக்கினார். 1914 ஏப்ரலில் மிலான் நகர அரங்கில் அவற்றை இசைத்தபோது பார்வையாளர்கள் கூச்சலிட்டனர். ருஸ்ஸோலோவின் தோழர்கள் மேடையை விட்டு இறங்கிப் போய் அவர்களோடு கைகலந்தனர். அன்று எந்த இரைச்சல் கருவியிலிருந்து வந்தது, எந்த இரைச்சல் மனிதரிடமிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினமாக இருந்திருக்கும்.

இந்தக் குழுவினரைப் பற்றி ஒன்றை மறைக்கக் கூடாது. எதிர்காலவாதிகள் என்று தம்மை அழைத்துக்கொண்ட அவர்கள் போரைப் புகழ்ந்தவர்கள். பீரங்கியின் ஒலியிலும் அழகு கண்டவர்கள். ருஸ்ஸோலோ முதல் உலகப் போருக்குத் தாமே முன்வந்து சென்று, 1917இல் தலையில் படுகாயமுற்றார். இரைச்சல் கலை தன் தொட்டிலிலேயே அந்தக் கறையோடுதான் பிறந்தது. வலிமையின் மீதான மயக்கம் அதனைப் பின்னரும் விடாமல் தொடர்ந்தது என்பதை மேலே காண்போம்.

ஆனால் ராக் இசைக்குள் இரைச்சல் புகுந்தது அறிக்கைகளின் வழியாக அன்று. பழுதான கருவிகளின் வழியாக. 1958ஆம் ஆண்டு லிங்க் ரே என்னும் கித்தார் கலைஞர் தம் ஒலிபெருக்கியின் கூம்புத்தாளைப் பென்சிலால் குத்தி ஓட்டைகள் இட்டார். அதிலிருந்து கிழிந்த, கரகரத்த ஒரு நாதம் பிறந்தது. 'ரம்பிள்' என்ற அந்த இசைத்தட்டில் பாடல் வரி ஒன்றுகூட இல்லை. ஆயினும் இளைஞரைச் சண்டைக்குத் தூண்டும் என்று சொல்லிச் சில வானொலி நிலையங்கள் அதனைத் தடை செய்தன. சொல்லே இல்லாத ஒன்று தடைசெய்யப்பட்டது என்றால், அந்த ஒலியே ஏதோ சொன்னது என்றுதானே பொருள்? 1961இல் நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவு மேசையின் பழுதினால் ஒரு கித்தாரின் ஒலி தேனீக்கூட்டம்போல் இரைந்தது. அதனைத் திருத்தாமல் அப்படியே வெளியிட்டார்கள். மக்களுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த ஆண்டே அந்தப் பழுதைச் செயற்கையாக உண்டாக்கும் சிறு பெட்டி ஒன்று கடைக்கு வந்துவிட்டது. பழுதையும் விலைக்கு விற்கத் தெரிந்த நாடு அது!

இங்கே இருவகைப் பழுதுகளை வாசகர்கள் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. ஒன்று, ஒலிபெருக்கியின் ஆற்றலுக்கு மீறி ஒலியை உள்ளே செலுத்துவது. அப்போது அலையின் முகடுகள் தட்டையாக வெட்டுப்படும். மூலத்தில் இல்லாத புதிய மேற்சுரங்கள் பல அதில் முளைக்கும். கரகரப்பு என்று நாம் கேட்பது அவற்றைத்தான். மற்றொன்று நம் திருவிழாக்களில் எல்லாரும் அறிந்தது. வாசகம் வாசிக்க வரும் தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு எதிரே போய் நின்றுவிடுவான். பெட்டியிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்கிற்குள் நுழைந்து, மீண்டும் பெருகி, மீண்டும் நுழைந்து, 'கீ' என்று ஒரு கூவலாக ஊரையே எழுப்பும். மைக்செட்காரர் ஓடிவந்து குமிழைத் திருகுவார். இரைச்சல் ராக் கலைஞன் அந்தக் கூவலை நிறுத்துவதில்லை. கித்தாரை ஒலிபெருக்கிக்கு எதிரே பிடித்து, அடி எடுத்து வைத்து முன்னும் பின்னும் நகர்ந்து, அந்தக் கூவலை ஒரு சுரமாக வளைக்கக் கற்றுக்கொள்கிறான். விரலால் தந்தியை மீட்டாமலே தந்தி தானாக அதிர்ந்து கொண்டிருக்கும். 1964இல் பீட்டில்ஸ் குழுவினர் ஒரு பாடலின் தொடக்கத்தில் அந்தக் கூவலைச் சில நொடி வைத்தார்கள். அது அலங்காரம். அதனைக் கட்டடமாகவே எழுப்பியவர்கள் நியூயார்க்கில் வந்தார்கள்.

வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன் ஜான் கேல். 1963இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா வந்து, லா மாண்டி யங் என்னும் இசையறிஞரின் குழுவில் வயோலா வாசித்தார். அந்தக் குழுவினர் ஒரே சுரத்தை மணிக்கணக்கில் நிறுத்திப் பிடிப்பார்கள். யங் சிறுவனாக இருந்தபோது ஐடஹோ மாநிலத்து மரவீட்டின் இடுக்குகளில் காற்று புகுந்த ஒலியையும் மின்கம்பத்து மின்மாற்றியின் ரீங்காரத்தையும் கேட்டு மயங்கியவர். பின்னர் அலி அக்பர் கானின் இசைத்தட்டில் தம்புராவைக் கேட்டு அதில் மூழ்கினார். 1970 முதல் பண்டிட் பிரான் நாத்தின் மாணவராகவே ஆகிவிட்டார். எனவே நம் செவிக்குப் பழகிய சுருதி இந்தப் பெருக்கில் ஒரு கிளையாறாகக் கலந்திருக்கிறது. கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் அடக்கமாக நிற்கும் அந்த இடையறாத ஒலியை முன்னால் கொண்டுவந்து, மின்சாரத்தை ஏற்றி, செவி தாங்கும் எல்லை வரை பெருக்கினால் என்ன ஆகும்? கேல் அதைத்தான் செய்து பார்த்தார். வயோலாவின் குதிரையைத் தட்டையாக அராவி, கித்தார் தந்திகளைப் பூட்டினார். 1965இல் லூ ரீட் என்னும் பாடலாசிரியரோடு சேர்ந்து அவர் அமைத்த குழுவே வெல்வெட் அண்டர்கிரவுண்டு.

அவர்களைத் தம் ஆதரவில் வைத்து, 1967இல் வந்த முதல் இசைத்தட்டுக்கு வாழைப்பழ ஓவியம் தீட்டியவர் ஆண்டி வார்ஹோல். இவர் பிட்ஸ்பர்க் நகரில் பைசாந்திய வழிபாட்டு முறைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும், மன்ஹாட்டனில் புனித வின்சென்ட் ஃபெரர் ஆலயத்திற்கு அடிக்கடி வந்து அமர்ந்திருந்தவர் என்பதும் நம்மில் பலர் அறியாதது. அதனால் அந்த இசை புனிதமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. போதை ஊசியையும் இழிந்த வாழ்வையும் கூச்சமின்றிப் பாடிய பாடல்கள் அவை. 1968 சனவரியில் வெளிவந்த இரண்டாம் இசைத்தட்டின் கடைசிப் பாடல் பதினேழு நிமிடத்திற்கும் மேல் ஓடுகிறது. ஒரே மூச்சில் பதிவு செய்தது. ஒவ்வொருவரும் மற்றவரை மூழ்கடிக்கத் தத்தம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அதன் கதை வாசிக்கத்தக்கதன்று. ஆனால் அதன் ஒலியில், ஒருவர் பேச்சை ஒருவர் கேளாமல் கத்தும் ஒரு வீட்டின் இரவு எனக்குக் கேட்டது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு நள்ளிரவில் அழைக்கப்பட்டுப் போன பங்குத்தந்தையர் யாராயினும் அந்த ஒலியை அடையாளம் காண்பர்.

லூ ரீட் 1975இல் ஒரு படி மேலே போனார். பாடலும் தாளமும் இல்லாமல், ஒலிபெருக்கிகளுக்கு எதிரே நிறுத்திய கித்தார்களின் கூவலை மட்டும் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகப் பதிந்து, இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டார். வாங்கியவர்கள் பலர் கடைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அவர் விளையாடினாரா, உண்மையாகவே செய்தாரா என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். 2002இல் ஜெர்மானிய இசைக்குழு ஒன்று அதனைச் சுரக்குறிப்பாக எழுதி, வயலின், செலோ முதலிய கருவிகளால் பெர்லின் மேடையில் இசைத்தது. ரீட் தாமும் வந்து கலந்துகொண்டார். நான் அதனை முழுவதும் கேட்கவில்லை. இருபது நிமிடம் கேட்டேன். போதும் என்று தோன்றியது.

1970களின் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலையில் இருந்தது. கீழ்க்கிழக்குப் பகுதியில் எரிந்த கட்டடங்களும் மலிந்த வாடகையும் இருந்தன. அங்கே குடியேறிய இளங்கலைஞர்கள், இசை பயிலாதவர்களாகவே இசைக்குழு தொடங்கினார்கள். 1978இல் பிரையன் ஈனோ நான்கு குழுக்களைத் தொகுத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவர்களுள் ஒருவரான ஆர்ட்டோ லிண்ட்சே, பிரேசிலில் பணியாற்றிய அமெரிக்க மறைபரப்பாளர்களின் மகன். அவர் கித்தாரைச் சுருதி சேர்ப்பதே இல்லை. சுரம் என்ற ஒன்றைத் தேடாமல் அதனை உலுக்கியும் அறைந்தும் வாசித்தார். ஜப்பானிலிருந்து வந்த இக்குவே மோரி முன்பின் பழகாமலே முரசடிக்க அமர்ந்தார். இத்தகைய அறியாமையை நான் வியந்து போற்ற மாட்டேன். பயிற்சியின் அருமை நம் பாடகர் குழுவைப் பயிற்றுவிக்கும் ஆர்மோனியக்காரருக்குத் தெரியும். எனினும், கற்றவர் கை தானாகப் போகும் பாதையில் கல்லாதவர் கை போகாது என்பதும் உண்மை. புதிய ஒலிகள் அங்கே பிறந்தன.

அந்த வட்டத்தில் கற்றோரும் இருவர் இருந்தனர். ரீஸ் சாட்டம், லா மாண்டி யங்குக்குப் பியானோ சுருதி சேர்த்துக் கொடுத்தவர். 1977இல் கித்தார்களுக்கென ஒரு படைப்பை எழுதினார். ஒரே தந்தியைத் திரும்பத் திரும்ப அடித்து, அதிலிருந்து எழும் மேற்சுரங்களையே இசையாக்குவது அது. கிளென் பிராங்கா, நாடகத் துறையிலிருந்து வந்தவர். அவர் பல கித்தார்களுக்கு ஒரே சுரத்தில் தந்தி பூட்டி, எல்லாவற்றையும் ஒருசேர உச்ச ஒலியில் அடிக்கச் செய்தார். 1981இல் வந்த அவருடைய இசைத்தட்டின் பெயர் 'விண்ணேற்றம்' என்று பொருள்படும். தலைப்பைக் கண்டு ஆர்வத்தோடு கேட்டேன். விண்ணேற்ற விழாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஒன்று நிகழ்கிறது. அத்தனை தந்திகளின் மேற்சுரங்களும் மோதிக் கலக்கும்போது, யாருமே வாசிக்காத எக்காளங்களும் யாருமே பாடாத பாடகர் குழுவும் மேலே மிதப்பதாகக் காதில் விழுகிறது. இது மனமயக்கமன்று; ஒலியியலே விளக்கும் நிகழ்வு. ஆயினும் முதன்முறை கேட்டபோது காதணியைக் கழற்றிவிட்டு, வெளியே ஆலயத்தில் யாரேனும் பாடுகிறார்களா என்று பார்த்தேன்.

பிராங்காவை எல்லாரும் புகழவில்லை. 1982இல் சிகாகோ விழா ஒன்றில் அவருடைய இசையைக் கேட்ட ஜான் கேஜ் கடுமையாக எதிர்த்தார். இவர்தான் 1952இல் நான்கரை நிமிட மௌனத்தையே ஓர் இசைப்படைப்பாக மேடையேற்றியவர். எல்லா ஒலிக்கும் இடம் உண்டு என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர். அவருக்கே இது பொறுக்கவில்லை. ஒருவன் தன் விருப்பத்தை மற்ற அனைவர் மீதும் திணிக்கும் சமுதாயத்தின் சாயலை அதில் கண்டதாகவும், அத்தகைய சமுதாயத்தில் வாழத் தாம் விரும்பவில்லை என்றும் அவர் கூறியதன் சாரம். பிராங்கா அதனால் மிகவும் புண்பட்டார். எனக்கு இந்தச் சச்சரவே இவ்வரலாற்றின் நடுப்புள்ளியாகத் தோன்றுகிறது. காதைப் பொத்த வழியில்லாமல் ஓர் அரங்கம் முழுவதையும் ஒலியால் நிரப்புவது அன்பா, ஆதிக்கமா? ருஸ்ஸோலோவின் தோழர்கள் போரைப் புகழ்ந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்குக் கேஜின் அச்சம் புரியும். திருவிழா ஒலிபெருக்கியை நான்கு தெருவுக்கும் கட்டிவிடும் நாமும் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம்.

பிராங்காவின் குழுவில் கித்தார் வாசித்த தர்ஸ்டன் மூர், லீ ரனால்டோ ஆகிய இருவரும் கிம் கார்டன் என்னும் ஓவியக் கலைஞரும் சேர்ந்ததுதான் 1981இல் தோன்றிய சோனிக் யூத். நல்ல கித்தார் வாங்க அவர்களிடம் பணமில்லை. மலிவான கித்தார்களை வழக்கமான சுருதியில் வைத்தால் அவை கேட்கச் சகிக்கவில்லை. எனவே ஒவ்வொன்றுக்கும் தனிச் சுருதி கண்டுபிடித்தார்கள். தந்திக்கு அடியில் திருப்புளியையும் முரசுக் குச்சியையும் செருகினார்கள். இன்ன கித்தார் இன்ன பாட்டுக்கு என்று ஆகிவிட்டது. 1999 சூலையில் கலிபோர்னியாவில் அவர்களுடைய கருவிகள் நிறைந்த வண்டியே திருடு போனபோது, பல பாடல்களை அவர்களால் முன்போல் வாசிக்கவே முடியாமற்போனது. புதுக் கித்தார் வாங்கலாம். அந்தக் கோணலை எங்கே வாங்குவது? 1988இல் அவர்கள் வெளியிட்ட 'டேட்ரீம் நேஷன்' அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2005ஆம் ஆண்டுக்குரிய தேர்வுகளுள் ஒன்றாக இடம்பெற்றது. இவர்கள் 1990இல் பெரிய நிறுவனத்தில் சேர்ந்து, தமக்குப் பின்னால் நிர்வாணா என்ற குழுவையும் அங்கே வரச் செய்தார்கள். 1991இல் நிர்வாணா உலகையே கவ்விக்கொண்டது நாம் அறிந்ததே. அக்காலத்தில் நான் குருமடத்தில் கிரேக்க வினைச்சொற்களோடு போராடிக்கொண்டிருந்தேன்.

ஏனைய கிளைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்தின் ரீட் சகோதரர்கள் 1985இல் இனிய மெட்டுகளைக் கூவலால் போர்த்திக் கொடுத்தார்கள். 1991இல் மை பிளடி வேலன்டைன் குழு அந்த இரைச்சலை மேகம்போல் மென்மையாக்கியது. ஆனால் மேடையில் அவர்கள் எழுப்பும் ஒலிக்கு வாசலிலேயே காதடைப்பான் வழங்குகிறார்கள். ஜப்பானில் மெர்ஸ்போ என்னும் பெயரில் மசாமி அகிதா, ராக்கையும் கைவிட்டுத் தூய இரைச்சலுக்கே போனார்.

சிகாகோவின் ஸ்டீவ் அல்பினியிடம் மட்டும் சற்று நிற்க வேண்டும். 1980களில் பிக் பிளாக் என்ற குழுவை நடத்தினார். முரசுக்கு ஆள் இல்லை; இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் பெயரையும் குழுவினர் பட்டியலில் சேர்த்தார். உலோகத்தை உலோகத்தால் தேய்ப்பது போன்ற கித்தார். பாடல்களில் சிற்றூர்களின் மறைவான தீமைகள். மினசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் குழந்தைகள் துன்புறுத்தப்பட்டதாக எழுந்த வழக்கைப் பற்றியும் 1986இல் ஒரு பாடல் செய்தார். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் இருபதுக்கும் மேற்பட்டவர். ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் மீதான வழக்குகள் 1984லேயே நிலைக்காமல் போயின. பாடலோ ஊரையே குற்றவாளியாக்கி ஒலித்துக்கொண்டிருக்கிறது. இரைச்சலுக்கு உள்ள பெருங்குறை இது: அதனால் 'ஒருவேளை' என்று சொல்ல முடியாது. சீற்றத்திற்கு ஏற்ற மொழி, விசாரணைக்கு ஏற்றதன்று. அவருடைய அடுத்த குழுவின் பெயரை இவ்விதழில் அச்சிட நான் விரும்பவில்லை. அதிர்ச்சி தருவதையே துணிவு என்று எண்ணிய காலம் அது.

அதே மனிதர் பின்னர் ஒலிப்பதிவாளராகப் புகழ்பெற்றார். 1993இல் நிர்வாணாவின் கடைசி இசைத்தட்டைப் பதிவு செய்தபோது, விற்பனையில் பங்கு வேண்டாம் என்று மறுத்து, பேசிய கூலியை மட்டும் பெற்றார். பங்கு வாங்கியிருந்தால் பெருஞ்செல்வர் ஆகியிருப்பார். குழாய் பழுதுபார்ப்பவருக்குக் கொடுப்பது போலத் தமக்கும் கொடுத்தால் போதும், கலைஞனின் உழைப்பில் காலமெல்லாம் பங்கு கேட்பது முறையன்று என்பது அவர் கொள்கை. 2021இல், இளமையில் தாம் பேசியவற்றுக்கும் எழுதியவற்றுக்கும் தாமே பொறுப்பு என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார், சாக்குச் சொல்லவில்லை. 2024 மே மாதம், 61ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். அவர் நம்பிக்கையாளர் அல்லர். ஆயினும் மனம் வருந்துதலின் இலக்கணம் பற்றி நான் எடுக்கும் வகுப்புகளில் அவரை ஒருமுறை எடுத்துக்காட்டினேன். மாணவர்கள் கவனித்துக் கேட்டார்கள்.

இனி என் காரணத்தைச் சொல்கிறேன். பங்கைச் சேர்ந்த தாய் ஒருத்தி ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் வந்தாள். "சாமி, என் மகன் ராத்திரி பூரா காதுல எதையோ மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். நானும் ஒருநாள் எடுத்துக் காதுல வச்சுப் பாத்தேன். பேய் கத்துற மாதிரி இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி" என்றாள். அவளுடைய கணவர் 2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையில் இறந்தவர். உறையிட்டு வந்த உடலைத் தொலைவில் நின்று மந்திரித்து அடக்கம் செய்தவன் நான். மகன் அப்போது கல்லூரியில் முதலாண்டு. அடக்கத்திற்கு வந்திருந்தவர்கள் ஏழு பேர்.

அவனை அழைத்துப் பேசினேன். கேட்பதை எனக்கும் கொடு என்றேன். அவன் ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்தான். சில வாரம் கேட்டபின், இதில் உனக்கு என்ன கிடைக்கிறது என்று வினவினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "இதுல யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வரல ஃபாதர்."

அந்தச் சொல் என்னை இரண்டு மூன்று நாள் விடவில்லை. அடக்கச் சடங்கின் மறையுரைகளில் நாங்கள் எத்தனை விரைவாக ஆறுதலுக்கு வந்துவிடுகிறோம்! திருப்பாடல் ஆசிரியர்களுக்கு அந்த அவசரம் இருந்ததில்லை. புலம்பல் பாடல்களுள் பெரும்பாலானவை முடிவில் புகழ்ச்சிக்குத் திரும்பும். 88ஆம் திருப்பாடலோ திரும்புவதே இல்லை. இருளில் தொடங்கி இருளிலேயே நின்றுவிடுகிறது. விவிலியத்தைத் தொகுத்தவர்கள் அதற்கு நல்லதொரு கடைசி வரி சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. அப்படியே திருநூலில் வைத்திருக்கிறார்கள்.

நம் வழிபாட்டிலும் இரைச்சலுக்கு இடம் இருந்தது. 1955ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கு முன், புனித வாரத்தின் இருள் வழிபாட்டில் முக்கோணத் தண்டில் பதினைந்து மெழுகுதிரிகள் ஏற்றுவார்கள். திருப்பாடல்கள் ஒவ்வொன்றாக முடிய, திரிகளும் ஒவ்வொன்றாக அணைக்கப்படும். கடைசித் திரியை அணைக்காமல் பீடத்தின் பின்னே மறைத்துவிடுவார்கள். முழு இருளில் குருக்களும் மக்களும் கையிலுள்ள புத்தகத்தாலும் கையாலும் இருக்கையை அறைந்து பெரும் இரைச்சல் எழுப்புவார்கள். ஆண்டவர் உயிர்நீத்தபோது நிலம் நடுங்கியதன் அடையாளம் அது. மறைந்த திரி மீண்டும் வெளிவரும்போது இரைச்சல் அடங்கும். எல்லாரும் மௌனமாகக் கலைந்து போவார்கள். எங்கள் பேராசிரியர் ஒருவர், தாம் சிறுவனாக அதில் கலந்துகொண்டு கை சிவக்கத் தட்டியதை வகுப்பில் சொல்லிச் சிரித்தார். பெரிய வியாழன் முதல் உயிர்ப்புத் திருவிழிப்பு வரை மணியை நிறுத்திவிட்டு மரக்கட்டையைத் தட்டும் வழக்கம் இன்றும் இருக்கிறது. மணியின் இனிமை அந்த நாள்களுக்குப் பொருந்தாது என்று நம் முன்னோர் உணர்ந்திருந்தார்கள். இதனை அந்தத் தம்பியிடம் சொன்னபோது அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பங்கில் அவன் ஆர்வத்தோடு கேட்ட முதல் செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

பதிலுக்கு அவன் எனக்கு ஒன்றைக் காட்டினான். மேலே சொன்ன ரீஸ் சாட்டம், 2005 அக்டோபரில் பாரிஸ் நகரின் இரவு விழாவுக்காக, திரு இருதயப் பெருங்கோவிலில் நூற்றுக்கும் மேற்பட்ட மின்கித்தார்களை ஒன்றாக இசைக்கச் செய்தார். 1885ஆம் ஆண்டிலிருந்து இரவு பகல் இடைவிடாத நற்கருணை ஆராதனைக்குப் பெயர்பெற்ற ஆலயம் அது. மோன்மார்த்தர் குன்றின் உச்சியில், உலகிலேயே மிக நீண்ட மௌனங்களுள் ஒன்று குடியிருக்கும் வீட்டில், நூறு கித்தார்! பதிவைக் கேட்டேன். இரைச்சல் என்று அதனைச் சொல்ல நா எழவில்லை. அந்தக் குவிமாடத்தின் எதிரொலி ஒவ்வொரு தந்தியின் கூர்மையையும் தேய்த்து, ஆர்கனின் பெருமூச்சாக மாற்றிவிட்டிருந்தது. ருஸ்ஸோலோவின் தந்தை அதனைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். அதே படைப்பை 2008இல் நியூயார்க்கில் திறந்தவெளியில் இசைக்க ஏற்பாடாகி, மழையால் நின்றுபோனது. மின்சாரமும் மழையும் சேரக்கூடாதே. மறு ஆண்டு 200 கித்தார்களோடு நடத்தி முடித்தார்கள்.

தாயிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "பேய் எதுவும் இல்லையம்மா. அவன் அப்பாவுக்காக அழுகிறான், அழட்டும். ஒலியை மட்டும் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்." அதையே அவனிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் வகுத்த நெறிப்படி இசையரங்குகளில்கூட ஒலி சராசரியாக 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது. 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைந்துவிடும். கணக்குப் போட்டால் 100 டெசிபெலுக்குப் பதினைந்து நிமிடமே வருகிறது. பொறியியல் மாணவன் ஆகையால் இந்தக் கணக்கு அவனுக்கு எந்த மறையுரையையும்விட நன்றாகப் புரிந்தது. செவியை இழந்த பின் எந்த இசைக்குப் போவது என்று தாய் பக்கத்திலிருந்து கேட்டாள், அவன் சிரித்தான்.

பட்டியலில் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. தண்ணீர் மீது ஓடும் ஒருவகைப் பல்லியின் பெயரைத் தாங்கிய குழு. பெயரில் 'இயேசு' என்ற சொல்லும் வருவதால் தாய் அதைப் பக்திப் பாடல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். 1990களில் இத்துறையில் முன்னணியில் நின்றவர்கள். 26 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024இல் புதிய இசைத்தட்டு வெளியிட்டிருக்கிறார்கள். பாடகருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, என்னைவிட மூத்தவர். இன்னும் மேடையிலிருந்து கூட்டத்தின் மீது பாய்கிறாராம். தவக்காலம் முடியட்டும் என்று அதனை எடுத்து வைத்திருக்கிறேன்.